ஒரு விரலில் ஒரு மேளம்

கருநாடக இசையரங்கொன்றின் நேரடி ஒலிபரப்பை எண்ணிப் பாருங்கள். பாடகருக்கு ஓர் ஒலிவாங்கி, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு முகங்களுக்கும் இரண்டு, கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் ஒவ்வொன்று. இவையனைத்தும் ஒலிக்கலவைப் பலகையை வந்தடைகின்றன. அங்கே ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் மேலுங் கீழுமாக நகரும் பிடியொன்று உண்டு. அதனை ஃபேடர் என்பர்.

தனியாவர்த்தனம் முடிந்து பாடகர் மீண்டும் பல்லவியை எடுக்கிறார். அக்கணத்திலே தாளவாத்தியங்கள் யாவும் ஒருசேரத் தணிதல் வேண்டும். நான்கு பிடிகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினால், மிருதங்கம் தணிந்து கடம் தணியாத இடைவெளியிலே பாடகரின் முதற்சொல் அமிழ்ந்துவிடும். நேரடி ஒலிபரப்பிலே போன சொல் மீளாது. ஆகவே, ஒரு பிடியைக் கொண்டு பலவற்றை ஆளும் குழு ஃபேடர் தேவையாயிற்று.

இதனை அமைக்கும் முறைகள் இரண்டு. ஒன்று, நான்கு ஒலிகளையும் முதலிலே கலந்து, அக்கலவையை ஒரே பிடியினூடாகச் செலுத்துவது. நான்கு வாய்க்கால்கள் குளமொன்றிற் கூடி, ஒரே மதகால் வெளியேறுவது போன்றது இது. இதனைக் கலவைக் குழு எனலாம். மற்றது, வாய்க்கால்களை ஒன்றுசேர்க்காமல், ஒவ்வொன்றின் மதகையும் ஒரே கட்டளையால் இறக்குவது. இது கட்டுப்பாட்டுக் குழு. இந்தப் பிடியினூடாக ஒலி செல்வதில்லை. கட்டளை மட்டுமே செல்கிறது. 1970களிலே அக்கட்டளை மின்னழுத்தமாகச் சென்றது. இன்றைய இலக்கமுறைப் பலகைகளிலே அது வெறும் எண்ணாகும், டி.சி.ஏ. என்பது அதன் பெயர்.

எண் எவ்வாறு ஒலியைத் தணிக்கும்? இலக்கமுறைப் பலகையில் ஒலியே எண்களாக மாறிவிடுகிறது. பெரும்பாலும் செக்கனுக்கு 48,000 எண்கள். ஃபேடர் செய்வது அவற்றைப் பெருக்குதலே. பூச்சியம் டெசிபெலில் நிற்கும் ஃபேடர் ஒன்றாற் பெருக்குகிறது. 20 டெசிபெல் இறக்கினால் பத்திலொன்றாற் பெருக்குகிறது. குழுப்பிடியின் எண் ஒவ்வொரு தனிப்பிடியின் எண்ணோடும் பெருக்கப்படுகிறது. டெசிபெல் கணக்கிலோ பெருக்கல் கூட்டலாகிவிடும். மிருதங்கம் பூச்சியத்துக்குக் கீழே 5, கடம் 12, கஞ்சிரா 8 என நிற்கையிலே குழுப்பிடியை 10 டெசிபெல் இறக்கினால், அவை முறையே 15, 22, 18 ஆகும். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இடையே முன்பிருந்த 7 டெசிபெல் வேற்றுமை அப்படியே நிற்கிறது. ஒத்திகையின்போது பாடுபட்டு அமைத்த சமநிலை குலைவதில்லை.

இரு முறைகளின் வேறுபாடு எதிரொலியிலே நன்கு புலப்படும். ஒவ்வோர் ஒலியின் ஒரு பகுதி, தனிப்பிடியைக் கடந்தபின், எதிரொலிக் கருவிக்குப் பிரிந்து செல்வது வழக்கம். இப்பொழுது அறிவிப்பாளர் பேச வேண்டும். இசை தணிய வேண்டும். கலவைக் குழுவை இறக்கினால் வாத்தியம் மறையும். எதிரொலியோ, முன்னரே பிரிந்து சென்றமையால், அறிவிப்பாளரின் குரலுக்குப் பின்னே முழங்கிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் குழுவை இறக்கினால் ஒவ்வொரு தடமும் தன்னிடத்திலேயே தணிவதால், எதிரொலியும் உடன் தணிந்துவிடும். பாடகர் தம் குரலைக் கேட்பதற்காக ஃபேடருக்கு முன்னரே பிரித்தனுப்பப்படும் ஒலி எம்முறையிலும் மாறுவதில்லை.

அவ்வாறாயின் கலவைக் குழு வீணோ? அன்று. தாளவாத்தியங்களின் மொத்த ஒலி திடீரென மிகாதவாறு கம்பிரசர் என்னும் ஒலியடக்கியை இட வேண்டுமாயின், ஒலிகள் கூடுமிடம் ஒன்று வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவிலே அடக்குவதற்கு ஒலியே இல்லை. மேலும், ஒரு தடத்தை இரு கட்டுப்பாட்டுக் குழுக்களிற் சேர்த்தால் இரண்டின் கட்டளைகளும் கூட்டப்படும். இரு கலவைக் குழுக்களுக்கு அனுப்பினாலோ அதே ஒலி இருமுறை வந்து 6 டெசிபெல் ஓங்கிவிடும்.

2012இல் வெளிவந்த பெரிங்கர் எக்ஸ் 32 என்னும் பலகையில் ஒலிவாங்கிகளுக்கான நுழைவுகள் 32. கட்டுப்பாட்டுக் குழுக்கள் 8. எட்டுப் பிடிகளை இயக்க இரு கைகள் போதும். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. குழுப்பிடி இறங்கும்போது தனிப்பிடிகள் அங்கே நகர்வதில்லை. பிடி உயரத்தே நிற்க, ஒலி எழாவிடின், கம்பியைப் பிடுங்கிப் பார்க்குமுன் குழுப்பிடியைப் பார்த்தல் நன்று.

நேயர்களே, அடுத்தமுறை பல்லவியின் முதற்சொல் தாளங்களுக்கிடையே தெளிவாக எழக் கேட்பீர்களாயின், அங்கே ஒரு விரல் உரிய நேரத்திலே அசைந்திருக்கிறது என அறிந்துகொள்ளுங்கள்.