இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அங்கே வாழும் ஒரு தையல்கார அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வயது 46. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. சர்க்கரை நோய் உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் இவரும் ஒருவர்.

அவருடைய எடை 78 கிலோ. "ஒரு நாலு கிலோ குறைங்கம்மா. சர்க்கரை கட்டுக்குள் வர உதவும்" என்றார் டாக்டர். அம்மா சோற்றைக் குறைத்தார். காய்கறியைக் கூட்டினார். காலையில் நடந்தார். மகன் ஓர் எடை மெஷின் வாங்கி வந்தான். கண்ணாடித் தட்டு வைத்தது. ஏறி நின்றால் எண் தெரியும். இரண்டு மாதத்தில் 76 கிலோ ஆனது. அம்மாவுக்கு மகிழ்ச்சி.

அப்போது ஊரில் ஒரு கல்யாணம். திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்தார். மும்பைக்குத் திரும்பி வர ஒரு நாளுக்கு மேல் ரயிலில் பயணம். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மெஷினில் ஏறினார். 77.9 என்று காட்டியது!

இரண்டு மாத உழைப்பு மூன்று நாளில் போய்விட்டதே என்று அழுகை வந்தது. மறுநாள் காலையிலும் மதியத்திலும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். மாலை நான்கு மணிக்குத் தையல் மெஷின் முன்னால் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. கண் இருண்டது.

சில சர்க்கரை மாத்திரைகள் அப்படிச் செய்யும். சாப்பிடாமல் அவற்றைப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விஷயம் தெரியும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்தார். (நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.)

மறுநாள் மருந்தகத்தில், தமிழ் தெரிந்த நர்ஸ் விசாரித்தார்.

"எடையைக் காலையில பார்த்தீங்களா, ராத்திரியா?"

"ராத்திரி, சிஸ்டர். சாப்பிட்டுட்டுத்தான் ஏறினேன்."

"முன்னாடி 76 காட்டினது எப்போ?"

"அது காலையில. எழுந்ததும்."

"மெஷினை எங்கே வெச்சிருக்கீங்க?"

"அப்போ தரையில இருந்தது. இப்போ பாய் மேல வெச்சேன். கண்ணாடியாச்சே, உடைஞ்சிடக் கூடாதுன்னு."

"கல்யாணத்துல ஊறுகாய், அப்பளம் எல்லாம் உண்டா?"

அம்மா சிரித்துவிட்டார். "அது இல்லாம கல்யாணமா?"

"அக்கா, அந்த ரெண்டு கிலோ பெரும்பாலும் தண்ணிதான். கொழுப்பு இல்ல. அதுக்குப் போய் பட்டினி கிடந்தீங்களே!"

தண்ணீரின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மெஷினில் ஏறினால் அரை கிலோ கூடுதலாகக் காட்டும். அதில் வியப்பில்லை. வயிற்றில் இருக்கும் சாப்பாட்டுக்கும் எடை உண்டு. மலம், சிறுநீருக்கும் எடை உண்டு. புடவை, பாவாடை, வளையல் எல்லாவற்றையும் மெஷின் சேர்த்துத்தான் சொல்லும். எது உடம்பு, எது துணி என்று அதற்குத் தெரியாது.

உப்பு அதிகம் சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிலக்கு வரும் முன்பும் நீர் சேரும். அந்தச் சில நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூடக் காட்டலாம். இது எல்லாம் சில நாட்களில் தானாக இறங்கிவிடும். ஒரே நாளில் காலைக்கும் இரவுக்கும் இடையில் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம்.

இறங்குவதிலும் இதே கதைதான். பட்டினி கிடந்தால் இரண்டு நாளில் இரண்டு கிலோ குறைந்ததாகக் காட்டும். அதிலும் பெரும் பகுதி தண்ணீர். சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிடும். 'பத்து நாளில் பத்து கிலோ' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் காசு வாங்குகிறார்கள்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி சாப்பாடு கூடுதலாக உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,700 முதல் 2,000 கலோரி போதும். அப்படியானால், மூன்று நாள் கல்யாணத்தில் அந்த அம்மா தன் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல், இன்னும் எட்டு நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல விருந்தாக இருந்தாலும் அது நடக்கிற காரியமா?

மெஷினை எங்கே வைப்பது?

அந்த மெஷினைத் திருப்பிப் பார்த்தால் நான்கு மூலையிலும் நான்கு சிறிய கால்கள் தெரியும். ஒவ்வொரு காலிலும் ஒரு சிறிய உலோகத் துண்டு உண்டு. ஆள் ஏறியதும் அது மிக மிகக் கொஞ்சம் வளையும். எவ்வளவு வளைந்தது என்பதை மின்சாரத்தால் அளந்து, நான்கையும் கூட்டி, மெஷின் எண்ணாகக் காட்டும். எனவே எடை முழுவதும் அந்த நான்கு கால்களில்தான் இறங்க வேண்டும். பாய், ஜமக்காளம், மடித்த துணி இவற்றின் மேல் வைத்தால் கால்கள் அமிழ்ந்துவிடும். மெஷினின் அடிப்பகுதி துணியில் படும். எடையில் ஒரு பங்கு அங்கே போய்விடும். காட்டும் எண் தவறாகிவிடும்.

கெட்டியான, சமமான தரை வேண்டும். கல் பாவிய தரை மேடுபள்ளமாக இருந்தால், மெஷின் ஆடாமல் நிற்கும் இடத்தைத் தேடி, அங்கே சாக்பீஸால் ஒரு குறி போட்டு வைக்கலாம். தினமும் அதே இடம்தான். இடம் மாற்றினால் முதலில் காலால் லேசாக அழுத்தி விட்டுவிட வேண்டும். 0.0 என்று வந்த பிறகு ஏற வேண்டும். தரை ஈரமாக இருக்கக் கூடாது. கண்ணாடி வழுக்கும்.

முள் வைத்த பழைய மெஷினுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. யாரும் ஏறாதபோது முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். எண்ணை நேர் மேலிருந்து படிக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ஒரு கிலோ தள்ளித் தெரியும்.

மெஷின் நிஜம் சொல்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பிரிக்காத 5 கிலோ கோதுமை மாவுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். பிறகு பை இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 5 கிலோ வர வேண்டும். இன்னொரு தந்திரமும் தெரிந்திருப்பது நல்லது. சில மெஷின்கள் முன்பு காட்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய எடை அதற்கு அருகில் இருந்தால் பழைய எண்ணையே மறுபடி காட்டும். மாவுப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கினால் அந்த நினைவு கலைந்துவிடும்.

உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் மெஷின்களும் வந்துவிட்டன. அவை கால் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பிக் கணக்கிடுகின்றன. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கணக்கு மாறிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் அந்த வகை மெஷினில் ஏறக் கூடாது.

ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் பெரிய எடை மெஷின்கள் நிற்கும். வண்ண விளக்குகள் மினுங்கும். காசு போட்டால் ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். செருப்பும் தோள் பையுமாக ஏறி நின்றுவிட்டு, இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பியவர்கள் உண்டு!

நோட்டுப் புத்தகம்

நர்ஸ் சொன்னபடி அம்மா ஒரு நோட்டு வாங்கினார். காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய் வந்து, தண்ணீர் குடிக்கும் முன், நைட்டியோடு, வெறுங்காலோடு எடை பார்ப்பார். தேதியையும் எண்ணையும் தன் கையாலேயே எழுதுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு வாரம் இப்படி இருந்தது:

74.6, 75.1, 74.4, 75.3, 74.8, 74.5, 74.2.

ஏழையும் கூட்டினால் 522.9. அதை 7-ஆல் வகுத்தால் 74.7. இது அந்த வாரத்தின் சராசரி. அடுத்த வாரம்:

74.3, 74.0, 74.9, 74.4, 73.8, 74.1, 73.9.

கூட்டினால் 519.4. சராசரி 74.2. ஒரு வாரத்தில் அரை கிலோ குறைந்திருக்கிறது. இது நல்ல வேகம். ஆனால் அந்த மூன்றாம் நாளைப் பாருங்கள். 74.9! முந்தைய வாரச் சராசரியைவிட அதிகம். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்திருந்தால் பழையபடி பட்டினி தொடங்கியிருக்கும்.

தினமும் எடை பார்ப்பது சிலருக்கு மனக்கவலை தரும். அவர்கள் வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், இதே முறையில் பார்த்தால் போதும். தையல்கார அம்மாவிடம் வேறோர் அளவும் இருந்தது. கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்சு டேப்! மெஷின் அசையாமல் நின்ற வாரங்களில்கூட இடுப்பு அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 38 அங்குலம் 36 ஆனது. ரவிக்கைகளை அவரே பிடித்துத் தைத்துக்கொண்டார்.

இரண்டு விஷயங்களை மட்டும் தண்ணீர் என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், காலும் வீங்கினால், மூச்சு வாங்கினால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதேபோல, குறைக்க முயலாமலே எடை குறைந்துகொண்டே போனாலும் போக வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். கட்டுக்குள் வராத சர்க்கரையாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போனபோது அம்மா அந்த நோட்டையும் கொண்டுபோனார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எடை குறைந்தால் சிலருக்குப் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையைக் குறைக்கலாமா என்று முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்றார். அதுவரை ஒரு வேளையும் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார். அம்மா அங்கேயே உட்கார்ந்து எழுதினார்.