ஆழ்கடல் தரையின் படிவுகள்

வேளாண்மையைத் திட்டமிடுவோர் முதலில் மண்ணின் வகையை அறிந்துகொள்கின்றனர். ஆழ்கடல் வளத்தைப் பயன்படுத்த முனைவோரும் கடல்தரைப் படிவின் வகையை அறிந்தாக வேண்டும். 1872 முதல் 1876 வரை நடைபெற்ற சேலஞ்சர் கப்பலின் ஆய்வுப் பயணம் இத்துறைக்கு அடிப்படை அமைத்தது. தோன்றும் முறையைக் கொண்டு இப்படிவுகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிலத்திலிருந்து வருபவை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணரும் இமயமலை வண்டல், வங்கக் கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரவியுள்ளது. காற்றும் நீரோட்டமும் நெடுந்தொலைவு கடத்திச் செல்லும் நுண்துகள்கள் ஆழ்கடலில் செங்களிமண்ணாகப் படிகின்றன.

இரண்டாவது, உயிரினங்களால் உண்டாவன. நுண்ணுயிர்களின் ஓடுகள் சுண்ணச் சேறாகவும் சிலிக்காச் சேறாகவும் படிகின்றன. சுமார் 4,500 முதல் 5,000 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு கரைந்துவிடுவதால், அங்கு சிலிக்காச் சேறும் செங்களிமண்ணுமே மிகுதி.

மூன்றாவது, நீரில் கரைந்துள்ள பொருள்கள் திரண்டு உருவாவன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அடங்கிய பல்லுலோக முடிச்சுகள் இவ்வகையின. நான்காவதான விண்துகள்களின் அளவு மிகக் குறைவு.

இவ்வகைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. முடிச்சுகள் பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. வண்டல் விரைந்து படியுமிடத்தில் அவை வளருமுன்னரே புதையுண்டு போகும். ஆற்று வண்டல் அதிகம் எட்டாத மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், சிலிக்காச் சேற்றின்மேல், நிக்கலும் செம்பும் செறிந்த முடிச்சுகள் கிடைப்பதற்கு இதுவே முக்கிய காரணம். இந்தியாவின் கவேஷணி கப்பல் 1981இல் முதன்முதலாக முடிச்சுகளைச் சேகரித்தது. 1987இல் நம் நாட்டுக்கு இப்படுகையில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒதுக்கப்பட்டது. பின்னர் 75,000 சதுர கிலோமீட்டர் தக்கவைத்துக்கொள்ளப்பட்டது.

ஆயின், வளத்தைத் தாங்கும் அச்சேறே இடர்ப்பாடும் ஆகிறது. அதன் மென்மையால் கனத்த எந்திரங்கள் அதில் அமிழக்கூடும். கிளறப்பட்ட சேறு நீரில் கலந்து பரவி, தரைவாழ் உயிரினங்களை மூடிவிடக்கூடும். பெரு நாட்டை அடுத்த ஆழ்கடலில் 1989இல் சோதனைக்காக உழப்பட்ட தடங்கள் 2015இலும் மறையாதிருந்தன. ஆகவே, கிடைக்கும் உலோகத்தின் மதிப்போடு, குலையும் படிவின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறையான திட்டமிடலாகும்.