ஒரே மாத்திரைக்குள் ஒரு கூட்டுக்குடும்பம்! தெரியுமா?

குறுவை நடவு முடிந்த ராத்திரி. இடுப்பு தனியாகக் கழன்றுவிட்டது போல ஒரு குடைச்சல். "மேலுவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க தம்பி" என்று தெருமுனை மெடிக்கலில் வாங்கி, சொம்புத் தண்ணீரோடு விழுங்கிப் படுப்பவர்கள் நம் டெல்டாவில் எத்தனை பேர்! அதில் ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் இரண்டு, சில சமயம் மூன்று மருந்துகள் குடித்தனம் நடத்துவது தெரியுமா?

நம் பக்கம் அதிகம் புழங்கும் ஜோடி, அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும். அதென்ன 325 என்று கோணல் கணக்கு? நம்மூர்ப் பொற்கொல்லர்கள் நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி என்று நிறுத்தார்கள் அல்லவா? அதே போல ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர்களும் தானிய மணியை வைத்துத்தான் மருந்தை நிறுத்தார்கள்! அவர்களுடைய 5 மணி எடைதான் ஏறக்குறைய இந்த 325. டாக்டர் சீட்டுக்குத் தரும் கூட்டு மாத்திரையில் பாராசிட்டமால் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று 2011-இல் அமெரிக்க மருந்துத் துறையும் சொல்லிவிட்டது. எல்லாம் கல்லீரலைக் காப்பாற்றத்தான்.

வீக்கத்துக்கென்று மூன்றாவதாகச் சேரும் செர்ராஷியோபெப்டிடேஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பட்டுப்புழுவின் குடலிலிருந்து! அங்கே வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியர்கள் பிரித்தெடுத்த நொதி அது. திருபுவனத்துத் தறியில் ஓடும் பட்டுக்கும் நம் வீக்க மாத்திரைக்கும் இப்படி ஒரு சொந்தம். ஆனால் ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை என்று 2011-இல் ஜப்பானிலேயே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் விற்கிறது. மூன்று மருந்து இருந்தால் மூன்று மடங்கு குணம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது உச்சக்கட்ட வியப்பு! கழுகரசன் ஜடாயு பூசித்த தலம் என்பதால் 'புள்' என்று தொடங்கும் பெயர் பெற்றது புள்ளிருக்குவேளூர், அதாவது வைத்தீஸ்வரன்கோயில். பறவைக்கும் வைத்தியருக்கும் ஒரே ஊர்! நிஜ வாழ்க்கையிலோ மருந்துதான் அந்தப் பறவை இனத்தைக் கிட்டத்தட்டத் தீர்த்தது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுவதும் கொத்துக்கொத்தாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நம் மாத்திரையில் இருக்கிற அசெக்ளோஃபெனாக்கும் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காக மாறுகிறது என்று தெரிந்து, 2023-இல் அதற்கும் கால்நடைத் தடை வந்தது. ஆகவே வீட்டு மாத்திரையைத் தொழுவத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்! பாறுகளைப் பார்க்க இனி முதுமலை, மாயாறு என்று மலைப்பக்கம்தான் போக வேண்டும்.

நமக்கும் சிறுநீரகம் உண்டு. சித்திரை வெயிலில் வியர்த்துக் காய்ந்த உடம்பில், வெறும் வயிற்றில், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையைப் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம் இரண்டுக்கும் வாய்ப்பு. ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிற அப்பத்தாவுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொரு ஜோடி, டிராமடாலும் பாராசிட்டமாலும். கேமரூன் நாட்டில் ஒரு மரத்தின் வேரில் டிராமடால் இருப்பதாக 2013-இல் விஞ்ஞானிகள் அறிவித்தபோது உலகமே வாய்பிளந்தது. இயற்கையே மாத்திரை செய்கிறதா! அடுத்த ஆண்டே இன்னொரு குழு போட்டு உடைத்தது: களைப்புத் தெரியாமல் உழ அங்கே விவசாயிகள் தாமும் விழுங்கி, உழவு மாட்டுக்கும் கொடுக்கிறார்கள், அந்தச் சிறுநீர்தான் மண்ணில் ஊறி வேரில் ஏறியிருக்கிறது! டிராமடால் அபின் வகையறா. பழக்கமாகிவிடும், தூக்கம் தள்ளும், வலிப்பு வரலாம். சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். சாப்பிட்டுவிட்டு டிராக்டரில் ஏறாதீர்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறவே கூடாது. இந்தியாவில் 2018-இல் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. டாக்டர் சீட்டு கேட்கிற மெடிக்கல்காரரிடம் சண்டை போடுவதில் நியாயமே இல்லை. உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருப்பது அவர் கடமை.

பதிவேடு என்றதும் நம் சரபோஜி மன்னர்! 1832 வரை தஞ்சையை ஆண்ட அவர், கண் நோயாளிகளின் நிலையையும் சிகிச்சையையும் படத்தோடு எழுதி வைக்கச் சொன்னார். அந்தக் குறிப்புகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுக்கு முன்பே அரண்மனையில் கேஸ் ஷீட்! நாமோ என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று டாக்டர் கேட்டால், "மஞ்சள் கலர்ல நீட்டமா இருக்கும்" என்கிறோம்.

காலையில் காய்ச்சல் மாத்திரை, மதியம் சளி மாத்திரை, ராத்திரி மேலுவலி மாத்திரை. மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம், தெரியுமா? பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம்தான் எல்லை. தினம் குடிப்பவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அதைவிடக் குறைவு. மீறினாலும் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அதுதான் பயங்கரம். அசிடைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் போனால்தான் நன்றாக வேலை செய்யும். கூடிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டி, அட்டைகளைத் திருப்பி, பாராசிட்டமால் என்ற பெயர் எத்தனை அட்டையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து உதிரியாகத் தந்தால், பெயர் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள்.