அரச சேவையும் குடும்ப உயர்வும்



ஒரு குடும்பம் உயர்நிலை எய்துவது எவ்வாறு? பழைய பிரான்சு தேசத்தில் அதற்கு மூன்று வழிகள் இருந்தன: போர்த்தொழில், திருச்சபை, அரச சேவை. ரிஷலியூ குடும்பம் இம்மூன்றையும் கையாண்டது. தந்தையார் மூன்றாம் ஹென்றி மன்னனின் அரண்மனையில் உயர் அதிகாரி. லூசோன் ஆயர் பதவியை மன்னன் அக்குடும்பத்துக்கே அளித்திருந்தான். அதனை ஏற்கவேண்டிய தமையனார் துறவு மடம் புகுந்தார். போர்ப்பயிற்சி பெற்றுவந்த தம்பி அர்மான் வாளை விடுத்து, 1607இல் ஆயரானார். 1624இல் தலைமை அமைச்சரானார். பதவி கைநழுவாமற் காப்பதே குடும்பத்தின் கவலையாயிருந்தது.

நமது யாழ்ப்பாணத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு ஒன்றுண்டு. ஆனால் இங்கே வாளின் இடத்தை மொழியறிவு பெற்றது. ஆட்சியாளர் ஆங்கிலம் பேசினர். மக்கள் தமிழ் பேசினர். இரண்டையும் அறிந்தவருக்கு அரசின் வாயில் திறந்தது.

பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலிற் பிறந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் (1783–1836), தேசாதிபதியின் தலைமைத் தமிழ் மொழிபெயர்ப்பாளராய் விளங்கினார். 1835இல் சட்டநிரூபண சபையில் தமிழருக்கான முதல் நியமன உறுப்பினரானார். அவருடைய மைந்தர் சேர் முத்துக்குமாரசுவாமி 1863இல் இலண்டனிற் பாரிஸ்டரானார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அத்தகுதி பெற்றது அதுவே முதன்முறை. அவருடைய புதல்வரே கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி.

முதலியாரின் மகளை மணந்தவர் பொன்னம்பல முதலியார். இவர் 1857இல் கொழும்புக் கொச்சிக்கடையிற் சிவாலயம் எழுப்பினார். இவருடைய மைந்தருள் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றி, 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவானார். தந்தையாரின் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கினார்.

நியமனம், கல்வி, பரீட்சை, தேர்தல் என்று படிமுறை மாறிவந்தமையைக் கவனியுங்கள். முதலியாரை அமர்த்தியது தேசாதிபதியின் விருப்பம். அருணாசலத்தை அமர்த்தியது விடைத்தாள். எனினும் அப்பரீட்சை வரை செல்லத்தக்க கல்வி எத்தனை வீடுகளுக்குக் கிட்டியது? 1911இல் வாக்களித்தோரும் படித்த சிலரே.

இங்கேதான் இக்குடும்பத்தின் வரலாறு சோதனைக்கு உள்ளாகிறது. டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது இராமநாதன் எதிர்த்தார். அவர் 1930இல் மறைந்தார். மறு ஆண்டு எளிய மக்களும் வாக்களித்தனர். அதே இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கும் கல்லூரிகள் நிறுவினார். பின்னையதான பரமேசுவராக் கல்லூரி வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. வாக்குச்சாவடியில் அவர் அடைக்க விரும்பிய கதவை, பள்ளிக்கூடத்தில் அவரே திறந்துவைத்தார். இரண்டையும் சேர்த்து நோக்குவதே நேர்மை.

குறிகட்டுவான் துறையில் நிற்போருக்கு ஒன்று விளங்கும். நயினாதீவுக்குச் சென்ற படகு திரும்பி வந்தாற்றான் கரையில் நிற்பவருக்குப் பயன். ஒரு குடும்பத்தின் ஏற்றத்தையும் அவ்வாறே அளக்கவேண்டும். பட்டங்கள் பெற்றவரோடு போயின. கல்லூரிகளோ, அக்குடும்பத்தோடு உறவேதுமில்லாத பிள்ளைகளையும் கரையேற்றின.