உங்களுக்குத் தெரியுமா? துபாஷி வைத்துக்கொண்ட சிப்

மடிக்கணினி என்றாலே எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் கேட்ட காலம் ஒன்று உண்டு. 2000 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் டிரான்ஸ்மெட்டா நிறுவனம் ‘குரூசோ’ என்ற சிப்பை வெளியிட்டு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார்.

இன்டெல் சிப்புகளுக்காக எழுதப்பட்ட கட்டளைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே ஏராளமான டிரான்சிஸ்டர்கள் தேவை. அவை மின்சாரத்தைக் குடிக்கும். குரூசோவில் அந்த வேலை ஒரு மென்பொருளுக்குப் போனது. துபாஷியைப் போல அது கட்டளைகளை ஓட்டத்திலேயே மொழிபெயர்க்கும். ஒருமுறை பெயர்த்ததைச் சேமித்து வைத்துக்கொள்ளும். வேலை குறைந்தால் சிப்பின் வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்கும். இதுதான் முக்கியம்: வேகம் மாறாமல் மின்னழுத்தம் மட்டும் பாதியானாலே, சிப் இயங்கச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ கால்வாசியாகிவிடும்!

சோனி உள்ளிட்ட ஜப்பானிய நிறுவனங்கள் குரூசோவை வாங்கின. ஆனால் மொழிபெயர்ப்புக்கே நேரம் போனதால் வேகத்தில் அடி வாங்கியது. 2003இல் இன்டெல், இஸ்ரேலின் ஹைஃபா நகரப் பொறியாளர்கள் வடிவமைத்த ‘பென்டியம் எம்’ சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேகமும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. டிரான்ஸ்மெட்டாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

சந்தையில் தோற்ற நிறுவனம் 2006இல் இன்டெல் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே சமரசம்: உடனடியாக 15 கோடி டாலர், பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2 கோடி டாலர் தர இன்டெல் ஒப்புக்கொண்டது.