பாகில் விதை முளைக்காதது ஏன்?

நல்ல விதை என்று நம்பி விதைத்த பயறு சில வேளைகளில் பாதிகூட முளைப்பதில்லை. உடனே விதை விற்றவரைக் குறை கூறுகிறோம். ஆனால் விதையில் குறை இல்லாமலும் முளைப்புக் கெடுவது உண்டு. மண்ணில் ஈரம் இருந்தும் விதையால் அதைக் குடிக்க முடியாத நிலை அது. இதை வீட்டிலேயே சோதித்து அறியலாம்.

ஒரே மூட்டையிலிருந்து பச்சைப் பயறு விதைகளை 50 வீதம் மூன்று பங்காக எண்ணி வைத்துக் கொள்ளுங்கள். மூன்று துணித் துண்டுகளில் ஒன்றை வெறும் நீரிலும், இன்னொன்றை லிட்டருக்கு 25 கிராம் வீதம் சர்க்கரை கரைத்த நீரிலும், மூன்றாவதை லிட்டருக்கு 300 கிராம் வீதம் கரைத்த பாகிலும் நனைத்து லேசாகப் பிழியுங்கள். விதைகளைப் பரப்பி மடித்து, காயாதபடி மூடி வையுங்கள்.

இரண்டு நாட்களில் வெறும் நீரில் நல்ல விதைகள் முளைத்திருக்கும். லேசான சர்க்கரை நீரிலும் ஏறக்குறைய அப்படியே. பாகில் இருந்தவை சற்று உப்பியிருக்கும். பெரும்பாலும் முளை வராது. அவற்றை நன்கு கழுவி வெறும் ஈரத் துணியில் வைத்தால் பல விதைகள் முளைத்துவிடும். ஆக, விதை சாகவில்லை, தாகத்தோடு காத்திருந்தது.

விதையின் உயிரணுக்களைச் சுற்றி மெல்லிய சவ்வு உள்ளது. நீர் அதை எளிதில் கடக்கும். சர்க்கரை எளிதில் கடக்காது. கரைசல் நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்கே நீர் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். அரிந்த மாங்காயில் உப்புத் தூவினால் நீர் விடுவதும் இதனால்தான். முளைக்க வேண்டிய உணவு விதையின் பருப்பிலேயே இருக்கிறது. சர்க்கரை ஊட்டத் தேவையில்லை.

வயலில் சர்க்கரைக்குப் பதில் உப்பும் உரமும் இதே வேலையைச் செய்கின்றன. உப்பு நீரைத் தடுப்பதோடு விதைக்குள் புகுந்து நஞ்சாகவும் ஆகிறது. எனவே கவனிக்க வேண்டியவை:

1. நெல் விதையைத் தரம் பிரிக்க 10 லிட்டர் நீருக்கு 1.5 கிலோ உப்புக் கரைக்கிறோம். மிதக்கும் பதரை நீக்கியதும், மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை கழுவ வேண்டும்.

2. ரைசோபியம் கலக்க வெல்லக் கரைசலோ ஆறிய கஞ்சியோ விதையில் ஒட்டும் அளவே போதும். நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கவும்.

3. உரத்தை விதையோடு சேர்த்துப் போடாதீர்கள். விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டிலும் 5 செ.மீ. ஆழமாகவும் இடுவது நல்லது.

4. உவர் நிலத்தில் நல்ல நீர் கட்டி வடித்தபின் அல்லது நல்ல மழைக்குப்பின் விதைக்கவும். முளைக்கும் வரை மேல் மண் காயக் கூடாது. காய்ந்தால் உப்பு மேலே ஏறி அடர்ந்துவிடும்.

விதைக்கும் முன் 100 விதைகளை ஈரத் துணியில் முளைக்க வைத்து எண்ணிக் கொள்ளுங்கள். வீட்டில் நன்கு முளைத்த விதை வயலில் முளைக்காவிட்டால், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். காரணம் அறியாமல் மறுபடியும் விதை வாங்கிப் போட்டால், அந்தச் செலவும் வீணாகும்.