மூன்று வருத்தம் இருந்தாலும் முற்றத்தில் நடக்கலாம்

சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களில் இரண்டு காட்சிகளை அடிக்கடி காண்கிறோம். ஒரு வீட்டில் பிள்ளைகள் பற்றை வெட்டுகிறார்கள்; அம்மம்மா தறப்பாள் கொட்டிலுக்குள் கதிரையில் இருக்கிறார். “உங்களுக்குச் சீனியும் பிரஷரும் இருக்கு, பேசாமல் இருங்கோ” என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். இன்னொரு வீட்டில் வந்த முதல் நாளே அப்பு மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார். பல வருடங்கள் சிறிய அறைக்குள் முடங்கியிருந்த உடம்பு அது என்பதை அவர் மறந்துவிடுகிறார். இரண்டுமே தீங்கானவை.

ஏன் அசைய வேண்டும்?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் நோ ஆகிய மூன்றும் ஒருவருக்கே இருப்பது வயதானவர்களில் சாதாரணம். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியைப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்து நடந்துவந்தால் இரத்த அழுத்தம் குறைகிறது. தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலின் சுமை குறைகிறது. எப்போதும் இருந்தபடியே இருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், விழும் ஆபத்தும் கூடும்.

எவ்வளவு போதும்?

நாட்பட்ட நோயுள்ள முதியவர்களும் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. அவ்வளவு இயலாதவர்களுக்குச் சிறிதளவு அசைவும் நன்மையே. முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பின் 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை நடந்தால் போதும். மெல்ல மெல்லக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடமாக்கினால், வாரத்தில் 5 நாட்களில் 150 நிமிடங்கள் வந்துவிடும். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும். கதைக்க மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

முற்றம் கூட்டுவதும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இதில் அடங்கும். கிடுகு பின்னுவது இருந்து செய்யும் வேலை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். கிணறு இறைப்பது, அடிக்கட்டை தோண்டுவது, சீமெந்துப் பை தூக்குவது போன்றவற்றை இளையவர்களிடம் விடுங்கள். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஆடாத கதிரையில் இருந்து எழும்பி மீண்டும் இருப்பதை 5 தொடக்கம் 10 தடவை செய்யலாம். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்பது விழாமல் காக்கும்.

கவனிக்க வேண்டியவை

• இன்சுலின் அல்லது சீனிக்குக் குளிசை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே இருந்து, மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

• நீரிழிவுள்ளவர்களுக்குக் காலில் முள் ஏறினாலும் தெரியாமல் போகலாம். புதிதாகத் துப்பரவாக்கிய காணியில் முள்ளும் ஓட்டுத் துண்டும் கிடக்கும். செருப்பு போடுங்கள். இரவில் உள்ளங்காலைப் பிள்ளைகள் பார்த்துவிடட்டும்.

• பிரஷர் குளிசை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பக் கூடாது. சிறிது நேரம் இருந்துவிட்டு எழும்புங்கள்.

• உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ நடவுங்கள்.

• சனங்கள் நாளாந்தம் புழங்கும் பாதையில் மட்டும் நடவுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை மிதிவெடி அபாயத்தைக் குறிக்கும். அதைத் தாண்ட வேண்டாம். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

நெஞ்சு இறுகினாலோ, கடுமையாக மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

தொடங்குவதற்கு முன்

பழைய இடத்துக் கிளினிக் கொப்பியைப் பத்திரமாகக் கொண்டுவந்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதியுங்கள். குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது. அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களும், நெஞ்சுநோ உள்ளவர்களும், காலில் புண் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

முதியவர்கள் தனியே நடக்க அஞ்சுவார்கள். பேரப்பிள்ளை ஒருவரைக் கூட அனுப்புங்கள். பக்கத்து வளவு யாருடையது, ஒழுங்கை முன்பு எங்கே போனது என்று அவர்கள் சொல்லிக்கொண்டு நடக்கட்டும். காணியின் பழைய எல்லை அவர்களுக்குத்தான் தெரியும்.